ஒலுவில் பல்கலைக்கழகம்: எதற்காக வந்தது, எப்படி வளர்ந்தது, நமது பிள்ளைகளுக்கு என்ன தருகிறது?

"நம்மட கெம்பஸ்தானே, எப்படியும் புள்ளைக்கு ஒரு இடம் கிடைச்சிடும்."

உயர்தரப் பரீட்சைப் பெறுபேறு வெளிவரும் காலத்தில் நமது ஊர்களில் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. ஒலுவிலில் இருக்கும் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தைத்தான் இப்படிச் சொல்கிறார்கள். அதில் பாசம் இருக்கிறது. ஆனால் விளக்கக் குறைவும் இருக்கிறது. அந்தக் குறைவால் நட்டப்படுவது நமது பிள்ளைகளே. எனவே இந்தப் பல்கலைக்கழகம் ஏன் உருவானது, இன்று என்ன நிலையில் இருக்கிறது, அதில் சேர வழி என்ன என்பதைப் பெற்றோர் அறிந்துகொள்வது அவசியம்.

பின்னணி

இலங்கையின் முதலாவது பல்கலைக்கழகம் 1942இல் கொழும்பில் ஆரம்பித்தது. 1952இல் அது பேராதனைக்குச் சென்றது. யாழ்ப்பாணத்தில் 1974இல் ஒரு வளாகம் திறக்கப்பட்டது. கிழக்கில் 1981இல் வந்தாறுமூலையில் தொடங்கிய பல்கலைக்கழகக் கல்லூரி 1986இல் கிழக்குப் பல்கலைக்கழகமாகத் தரமுயர்ந்தது. அதன் பின் கரையோரக் கிழக்கின் பிள்ளைகள் வீட்டிலிருந்து அதிக தூரம் போகாமல் பட்டம் படிக்க ஒரு வழி பிறந்தது.

அந்த வழி நெடுநாள் திறந்திருக்கவில்லை. 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டது. அதே வருடம் ஒக்டோபரில் வடமாகாண முஸ்லிம்கள் தமது ஊர்களிலிருந்து வெளியேற்றப்பட்டனர். கிழக்கிலும் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்கள் கொல்லப்பட்டனர். யாழ்ப்பாணத்திலும் வந்தாறுமூலையிலும் படித்துக்கொண்டிருந்த முஸ்லிம் மாணவர்களால் படிப்பைத் தொடர முடியவில்லை. அனுமதி கிடைத்தும் வகுப்புக்குப் போக முடியாத நிலையில் அவர்கள் இருந்தார்கள். பெண் பிள்ளைகளின் நிலை இன்னும் கடினமாக இருந்தது.

தென்கிழக்குப் பல்கலைக்கழகம் இந்த இடர்ப்பாட்டிலிருந்தே பிறந்தது. அப்போது அமைச்சராக இருந்த மர்ஹூம் எம்.எச்.எம். அஷ்ரப் அவர்களின் விடாமுயற்சியால் 1995 ஒக்டோபர் 23ஆம் திகதி அது பல்கலைக்கழகக் கல்லூரியாக ஆரம்பிக்கப்பட்டது. ஒரு வருடம் நிறைவதற்கு முன்பே, 1996 மே 15ஆம் திகதி, முழுமையான தேசியப் பல்கலைக்கழகமாகத் தரமுயர்ந்தது. அதற்காக உழைத்த அஷ்ரப் அவர்கள் 2000 செப்டம்பர் 16ஆம் திகதி ஹெலிகொப்டர் விபத்தில் வபாத்தானார்கள்.

வளர்ச்சி

ஆரம்பத்தில் கலை, முகாமைத்துவம் ஆகிய துறைகளே இருந்தன. பின்னர் சம்மாந்துறையில் பிரயோக விஞ்ஞான பீடம் அமைந்தது. இஸ்லாமியக் கற்கைகளும் அறபு மொழியும் தனிப் பீடமாயின. கடந்த சுமார் பதினைந்து வருடங்களுக்குள் பொறியியல் பீடமும் தொழில்நுட்பவியல் பீடமும் வந்து சேர்ந்தன. ஒலுவிலில் இன்று காணும் பெரிய கட்டடங்கள் பல குவைத் அபிவிருத்தி நிதியத்தின் கடனுதவியால் எழுந்தவை. மருத்துவ பீடம் இங்கு இல்லை. மருத்துவம் படிக்கும் பிள்ளைக்கு அருகில் உள்ளது மட்டக்களப்பில் இயங்கும் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பீடமாகும்.

வளர்ச்சியைக் கட்டடத்தைக் கொண்டு மட்டும் அளக்க முடியாது. இடம்பெயர்ந்த முஸ்லிம் மாணவர்களின் தேவைக்காகப் பிறந்த இந்த நிறுவனத்தில் இன்று நாட்டின் பல மாவட்டங்களிலிருந்தும் வந்த சிங்கள, தமிழ் மாணவர்கள் பெருந்தொகையாகப் படிக்கிறார்கள். சிலருக்கு இது மனக்குறையாக இருக்கிறது. அவ்வாறு நினைக்க வேண்டியதில்லை. அரசு நடத்தும் பல்கலைக்கழகம் எல்லோருக்கும் உரியது. நமது பிள்ளைகளும் பேராதனையிலும் மொரட்டுவையிலும் ருஹுணுவிலும் அதே உரிமையோடுதான் படிக்கிறார்கள். தூர ஊரிலிருந்து வந்து ஒலுவிலில் தங்கிப் படிக்கும் பிள்ளை நான்கு வருடம் நமது ஊர்களை அறிந்து திரும்புகிறது. போர் பிரித்த சமூகங்களுக்கு இது சிறிய விடயமல்ல.

"நம்மட கெம்பஸ்" என்பதன் உண்மை

பல்கலைக்கழக அனுமதியை ஒலுவில் நிர்வாகம் தீர்மானிப்பதில்லை. கொழும்பிலுள்ள பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவே தீர்மானிக்கிறது. உயர்தரப் பெறுபேற்றில் கிடைக்கும் இசட் புள்ளியே அடிப்படை. பொதுவாக ஒரு கற்கைநெறிக்கு நாடு முழுவதும் உள்ள இடங்களில் 40 சதவீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையில் நிரப்பப்படும். 55 சதவீதம் வரை மாவட்ட அடிப்படையில் பகிரப்படும். 5 சதவீதம் வரை பின்தங்கியவை எனக் குறிக்கப்பட்ட 16 மாவட்டங்களுக்கு உரியது. அம்பாறை, மட்டக்களப்பு, திருகோணமலை ஆகிய மூன்றும் அந்தப் பதினாறில் அடங்கும். முழுக்கத் திறமை அடிப்படையிலேயே நிரப்பப்படும் கற்கைநெறிகளும் உண்டு.

இதில் பெற்றோர் கவனிக்க வேண்டிய விடயங்கள் இரண்டு.

ஒன்று: மாவட்டப் பங்கு கற்கைநெறிக்கே உரியது, பல்கலைக்கழகத்துக்கு அல்ல. ஒலுவிலில் அம்பாறைப் பிள்ளைகளுக்கென ஒதுக்கி வைத்த கதிரை கிடையாது. விண்ணப்பத்தில் கற்கைநெறிகளையும் பல்கலைக்கழகங்களையும் எந்த ஒழுங்கில் விரும்பித் தெரிவு செய்தோம் என்பதும் இசட் புள்ளியும் சேர்ந்தே பிள்ளை போகும் இடத்தை முடிவு செய்கின்றன. எனவே அந்தப் படிவத்தை "கொமினிகேஷன்" கடையில் யாரோ ஒருவர் அவசரத்தில் நிரப்ப விடாதீர்கள். ஆணைக்குழுவின் கைநூலை வைத்துக்கொண்டு, பிள்ளையையும் ஓர் ஆசிரியரையும் பக்கத்தில் இருத்தி நிரப்புங்கள். அந்த ஒரு மணித்தியாலம் நான்கு வருடப் படிப்பைத் தீர்மானிக்கிறது.

இரண்டு: எந்த மாவட்டம் என்பது வீட்டு முகவரியை வைத்து முடிவாவதில்லை. உயர்தரத்துக்கு முந்தைய வருடங்களில் பிள்ளை படித்த பாடசாலை எங்கு உள்ளது என்பதே கணக்கு. நல்ல வகுப்பு என்று கொழும்புக்கோ கண்டிக்கோ பிள்ளையை மாற்றும் முன் இதை யோசியுங்கள்.

அறபுக் கல்லூரிகளில் ஓதும் பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. மௌலவிப் பட்டம் மட்டும் பல்கலைக்கழகக் கதவைத் திறக்காது. இஸ்லாமியக் கற்கைகள் பீடத்துக்கும் உயர்தரத் தகைமை வேண்டும். ஓதும் காலத்திலேயே உயர்தரத்தையும் எழுத வைக்கும் மத்ரஸாவைத் தேர்ந்தெடுப்பது பிள்ளைக்கு இரு வழிகளையும் திறந்து வைக்கும்.

செலவும் மொழியும்

அரச பல்கலைக்கழகத்தில் முதற் பட்டத்துக்குக் கற்பித்தல் கட்டணம் கிடையாது. சி.டபிள்யூ.டபிள்யூ. கன்னங்கரா காலத்தில், 1945இல் வந்த இலவசக் கல்வியின் பயன் இது. உணவு, தங்குமிடம், போக்குவரத்து ஆகியவையே செலவு. வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு மஹாபொல புலமைப்பரிசிலும், அது கிடைக்காதவர்களுக்கு உதவு பணமும் உண்டு. இரண்டுக்கும் வருமானத்தை உறுதிப்படுத்த வேண்டும். பத்திரங்களைத் திகதி தவறாமல் கொடுக்காமல் இழந்தவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள்.

மொழியையும் மறக்கக் கூடாது. பொறியியல், விஞ்ஞானம் போன்ற துறைகளில் விரிவுரை ஆங்கிலத்திலேயே நடக்கிறது. நல்ல புள்ளியோடு போன பிள்ளை முதல் வருடத்தில் தடுமாறுவது பெரும்பாலும் இதனால்தான். பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேறு வரும்வரை காத்திருக்கும் மாதங்களை ஆங்கிலத்துக்குக் கொடுங்கள்.

பகிடிவதை பற்றியும் பெற்றோர் அச்சம் கொள்கிறார்கள். 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டப்படி அது தண்டனைக்குரிய குற்றம். பிள்ளை ஏதும் சொன்னால் "பொறுத்துக்கோ" என்று மூடிவிடாமல், உடனே பல்கலைக்கழக நிர்வாகத்திடம் முறையிடுங்கள்.

பெண் பிள்ளைகள்

முன்பு ஒரு பெண் பிள்ளைக்கு அனுமதிக் கடிதம் வந்தால், "அவ்வளவு தூரம் எப்படி அனுப்புவது?" என்ற கேள்வியோடு பல வீடுகளில் படிப்பு முடிந்துவிடும். ஒலுவில் வந்தபின் கல்முனையிலோ நிந்தவூரிலோ அக்கரைப்பற்றிலோ உள்ள ஒரு மகள் காலையில் பஸ் ஏறி, மாலையில் உம்மாவிடம் திரும்பலாம் என்றானது. நமது ஊர்ப் பாடசாலைகளிலும் அலுவலகங்களிலும் இன்று இங்கு பட்டம் பெற்ற பெண்களைக் காண்கிறோம்.

ஆனால் இதுவே புதிய வேலியாகிவிடக் கூடாது. தான் விரும்பிய கற்கைநெறி பேராதனையில் மட்டுமே கிடைக்கும் என்றிருக்க, "ஒலுவில்தான் போகணும்" என்று மகளின் தெரிவை மாற்றும் வீடுகளும் உள்ளன. தூரம் ஒரு காரணம்தான். அது மட்டுமே காரணமாகக் கூடாது. பாதுகாப்பான விடுதி, அங்கு ஏற்கெனவே படிக்கும் நம்மூர்ப் பிள்ளைகள், நம்பகமான குடும்பங்கள் ஆகியவற்றை விசாரித்துவிட்டு முடிவெடுங்கள்.

போரில் வகுப்பை இழந்த ஒரு தலைமுறைக்காக எழுந்தது இந்தப் பல்கலைக்கழகம். அருகில் இருக்கிறது என்பதால் மட்டும் அது நமது பிள்ளைகளுக்குக் கிடைத்துவிடாது. உயர்தர வகுப்பில் உட்காரும் முதல் நாளிலிருந்தே அதற்கான தயாரிப்பு தொடங்க வேண்டும். இவ்வருடம் உங்கள் வீட்டில் உயர்தரம் எழுதும் பிள்ளை இருந்தால், இன்றிரவே அவரோடு இருந்து இதைப் பேசுங்கள்.