சீட்டுக்கு வயது உண்டா?

"சீட்டு" என்ற வார்த்தை காதில் விழுந்ததுமே முகம் சுளிக்கிற வீடுகள் நம்மிடையே அநேகம். சம்பளத்தைச் சீட்டில் தொலைத்துவிட்டு வெறுங்கையோடு வீடு திரும்பிய மாப்பிள்ளைகளின் கதையைப் பாட்டிமார் சொல்லிச் சொல்லி, பாவம், சீட்டுக்கட்டுக்கே கெட்ட பெயர் வந்துவிட்டது.

ஆனால் இங்கே சொல்லப் போகிற சீட்டு வேறு. இதில் ராஜா இல்லை, ராணி இல்லை, இஸ்பேட்டும் இல்லை. பூதம் உண்டு, நெருப்புக் கக்கும் டிராகன் உண்டு, கன்னத்தில் மின்சாரம் வைத்திருக்கும் மஞ்சள் நிற எலி ஒன்றும் உண்டு. அந்த எலியின் பெயர் பிகாச்சு. வீட்டில் சிறு பிள்ளைகள் இருந்தால், அவர்களிடம் கேட்டுப் பாருங்கள். பிகாச்சுவின் ஜாதகத்தையே சொல்வார்கள்!

"அட, குழந்தைகள் சமாசாரம்தானா?" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். இந்தச் சீட்டுக்களை யார் ஆடுகிறார்கள், எந்த வயதில் ஆடுகிறார்கள் என்று விசாரித்துக்கொண்டு போனால், பள்ளிக்கூடத்து வாசலில் ஆரம்பித்துத் தாத்தாமார் உட்கார்ந்திருக்கும் திண்ணை வரை போக வேண்டியிருக்கிறது.

முப்பது வயது வாத்தியார்

முதலில் இந்த ஆட்டம் பிறந்த கதை. அமெரிக்காவில் ரிச்சர்டு கார்பீல்டு என்று ஒரு கணித மாணவர். அந்நாட்டின் ஜனாதிபதியாக இருந்த ஜேம்ஸ் கார்பீல்டின் வம்சத்தில் வந்தவர். இவருக்குக் கணிதத்தைப் போலவே விளையாட்டிலும் பைத்தியம். 1991-ல் தாம் தயாரித்த ஒரு விளையாட்டை எடுத்துக்கொண்டு பீட்டர் அட்கிசன் என்ற சிறு வியாபாரியைத் தேடிப் போனார். அட்கிசனிடம் அதை அச்சிடப் பணம் இல்லை. "விளையாட்டு மாநாடுகளில் ஓர் ஆட்டம் முடிந்து அடுத்த ஆட்டம் தொடங்கும்வரை சும்மா உட்கார்ந்திருக்கிறார்களே, அந்த இடைவேளையில் ஆடும்படியாக, கையில் எடுத்துப் போகும்படியாக, மலிவாக ஒன்று செய்து கொடுங்கள்" என்கிற மாதிரி கேட்டார்.

அப்படிப் பிறந்ததுதான் "மேஜிக்: தி கேதரிங்" என்ற சீட்டாட்டம். 1993 ஆகஸ்டில் அது வெளிவந்தபோது கார்பீல்டுக்கு வயது முப்பது. கல்லூரியில் கணிதம் சொல்லிக்கொடுக்கும் உத்தியோகத்துக்கு வந்திருந்தார். அச்சிட்ட சீட்டுக்களெல்லாம் வெகு சீக்கிரத்தில் விற்றுத் தீர்ந்தன.

இதில் என்ன புதுமை? சாதாரணச் சீட்டுக்கட்டில் எல்லோருக்கும் பொதுவாக ஐம்பத்திரண்டு சீட்டு. இதிலோ, ஒவ்வொருவரும் தம் கட்டைத் தாமே தயார் செய்துகொண்டு வரவேண்டும். சீட்டுக்கள் மூடிய பொட்டலங்களில் விற்கப்படுகின்றன. உள்ளே என்ன இருக்கிறது என்று பிரித்துப் பார்த்தால்தான் தெரியும். பெரும்பாலானவை சாமான்யச் சீட்டுக்கள். அபூர்வமான சீட்டு ஒன்றோ இரண்டோ இருக்கும். கோவில் பொங்கலில் முந்திரிப் பருப்பு அகப்படுவது போலத்தான்! அகப்படாதவர்கள் மற்றவர்களோடு மாற்றிக்கொள்ள வேண்டும். மேஜிக் ஆட்டத்தில் இதுவரை வந்திருக்கும் வெவ்வேறு சீட்டுக்கள் 25,000-க்கு மேல்.

1996 அக்டோபரில் ஜப்பானில் போக்கிமான் சீட்டு வந்தது. 1999-ல் அமெரிக்காவுக்குப் போயிற்று. அதே 1999-ல் ஜப்பானில் யூ-கி-ஓ சீட்டு வந்தது. 2024 மார்ச் வரையில் அச்சான போக்கிமான் சீட்டுக்கள் மட்டும் 6,400 கோடிக்கு மேல். உலகத்தில் உள்ள ஜனங்களுக்குத் தலைக்கு ஏழு எட்டு என்று பங்கிட்டுக் கொடுக்கலாம்!

பெட்டி சொல்லும் வயது

மருந்துச் சீசாவில் அளவு போட்டிருப்பது போல, இந்தப் பெட்டிகளின் மேலும் வயது போட்டிருக்கும். போக்கிமானுக்கு ஆறு வயது, மேஜிக்குக்குப் பதின்மூன்று, 2023-ல் வந்த டிஸ்னி லோர்கானாவுக்கு எட்டு. இவையெல்லாம் எந்த வயதில் ஆரம்பிக்கலாம் என்று சொல்கின்றனவே தவிர, எந்த வயதில் நிறுத்த வேண்டும் என்று எந்தப் பெட்டியும் சொல்வதில்லை. சூட்சுமமே அங்கேதான் இருக்கிறது.

1996-ல் பத்து வயதில் முதல் போக்கிமான் பொட்டலத்தைப் பிரித்த ஜப்பானியச் சிறுவனுக்கு 2026-ல் நாற்பது வயது. 1993-ல் கல்லூரியில் முதலாண்டு படித்துக்கொண்டே மேஜிக் ஆடிய அமெரிக்க வாலிபருக்கோ ஐம்பது கடந்துவிட்டது, காதோரம் நரை. பல பேர் விட்டுவிட்டார்கள். விடாதவர்கள் இப்போது தம் குழந்தைகளுக்குக் கற்றுக்கொடுக்கிறார்கள். தகப்பனும் மகனும் ஒரே கடைக்குப் போய், ஆளுக்கொரு பொட்டலம் வாங்கி, வாசலிலேயே பிரித்து, "உனக்கு என்ன வந்தது?" என்று எட்டிப் பார்த்துக்கொள்ளும் காட்சி அங்கே சர்வ சாதாரணம்.

பொம்மை வியாபாரிகளும் இதைக் கண்டுகொண்டார்கள். 2024-ன் முதல் மூன்று மாதங்களில், அமெரிக்காவில் மூன்று முதல் ஐந்து வயதுக் குழந்தைகளுக்காக வாங்கிய விளையாட்டுச் சாமான்களைவிட, பதினெட்டு வயதைத் தாண்டியவர்கள் தங்களுக்காகவே வாங்கிக்கொண்டவை அதிகமாயிற்று!

பதினைந்து வயது சாம்பியன்

போட்டி என்று வரும்போது வயதை எப்படிக் கணக்குப் பண்ணுகிறார்கள்? போக்கிமானில் மூன்று பிரிவு. 2025-ஆம் ஆண்டுப் போட்டிப் பருவத்தில், 2012-லும் அதற்குப் பிறகும் பிறந்தவர்கள் இளையவர். 2008 முதல் 2011 வரை பிறந்தவர்கள் நடுப்பிரிவு. அதற்கு முன் பிறந்த எல்லோரும் மூத்த பிரிவு. பதினேழு வயதுப் பையனும் எழுபது வயதுப் பெரியவரும் அந்த மூத்த பிரிவில் ஒன்றுதான்!

2024 ஆகஸ்டில் ஹானலூலு நகரில் நடந்த உலகப் போட்டியில் மூத்த பிரிவின் பட்டத்தைத் தட்டிக்கொண்டு போனவர் சிலி நாட்டின் பெர்னாண்டோ சிபுயென்டஸ். வயது பதினெட்டு. பரிசு 50,000 டாலர். ஊர் திரும்பியதும் அந்நாட்டு ஜனாதிபதி போரிக் அவரைத் தம் மாளிகைக்கே அழைத்துப் பாராட்டினார். "சீட்டாடினால் உருப்படுவாயா?" என்று அந்தப் பிள்ளையை யாராவது முன்பு அதட்டியிருந்தால், அன்றைக்கு அவர்கள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்!

மேஜிக் ஆட்டத்திலும் முதலில் சிறுவர்களுக்குத் தனிப் பிரிவு இருந்தது. 1996-ல் நியூயார்க்கில் நடந்த ஒரு பெரிய பந்தயத்தில் ஜான் பின்கல் என்ற பதினேழு வயதுப் பிள்ளையைச் சிறுவர் வரிசையில்தான் உட்கார வைத்தார்கள். நான்கே வருஷத்தில், 2000-ல், அவர் உலக சாம்பியன்! பிற்பாடு சிறுவர் பிரிவையே எடுத்துவிட்டார்கள். அதனால் சிறுவர்கள் நசுங்கிப் போனார்களா? இல்லை. 2004-ல் ஸான்பிரான்சிஸ்கோவில் பெரியவர்கள் எல்லோரையும் தோற்கடித்து உலகப் பட்டம் பெற்றவர் ஹாலந்து தேசத்து ஜூலியன் நைட்டன். வயது பதினைந்து.

பெண்களைப் பற்றி ஒரு வார்த்தை. இந்த ஆட்டக் களங்களில் ஆண்கள் கூட்டமே அதிகம். இருந்தாலும் 2013-ல் மான்ட்ரியல் நகரில் நடந்த மேஜிக் பந்தயத்தில் மெலிஸா டிடோரா என்ற அமெரிக்கப் பெண்மணி கடைசி எட்டுப் பேரில் ஒருவராக வந்தார். அந்த அளவுப் பந்தயத்தில் அந்த இடத்தைப் பிடித்த முதல் பெண் அவரே. பின்னால் அந்தச் சீட்டுக்களை உருவாக்கும் வேலைக்கே போனார்.

மேஜைக்கு முன்னால் சமம்

ஓட்டப் பந்தயத்தில் பத்து வயதும் நாற்பது வயதும் மோத முடியாது. சதுரங்கத்தில் அநுபவசாலிதான் அநேகமாக ஜெயிப்பார். இதில் மட்டும் எப்படிச் சாத்தியமாகிறது?

போக்கிமானையே எடுத்துக்கொள்வோம். ஒவ்வொருவரிடமும் அறுபது சீட்டுக் கொண்ட கட்டு. கையில் ஏழு சீட்டு. பரிசு என்று ஆறு சீட்டைக் கவிழ்த்து ஒதுக்கி வைக்க வேண்டும். ஒவ்வொரு பிராணிக்கும் உயிர்ப் பலம் என்று ஓர் எண் உண்டு. 120 பலம் உள்ள பிராணியை எதிரி 60 என்ற அடியால் தாக்குகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். மிச்சம் 60. ஆனால் தண்ணீருக்கு முன்னால் நெருப்பு பலவீனம். அப்போது அடி இரட்டிப்பாகும். 60 இரண்டு முறை 120, பிராணி அவுட்! அடித்தவர் தம் பரிசுச் சீட்டு ஒன்றை எடுத்துக்கொள்வார். ஆறையும் முதலில் எடுத்தவர் ஜெயித்தார்.

வாய்ப்பாடு என்றால் ஓடி ஒளியும் பையன், இங்கே பெருக்கலும் கழித்தலும் மனக்கணக்காகப் போடுவான். கலைத்துப் போட்ட கட்டில் அதிர்ஷ்டத்துக்கும் பங்கு உண்டு. ஆகவே பெரியவர் எப்போதுமே ஜெயிக்க முடியாது. ஞாபக சக்தியோ குழந்தைகளிடம் கொள்ளையாக இருக்கிறது. எல்லாவற்றையும் விட, "உன் வயதென்ன, என் வயதென்ன?" என்று எதிராளியை அதட்ட இந்த மேஜையில் வழியில்லை. விதி எல்லோருக்கும் ஒன்று. தோற்றாலும் கை குலுக்கிவிட்டுத்தான் எழுந்திருக்க வேண்டும்.

பெரியவர்கள் செய்த கூத்து

இத்தனை நல்லதும் சொல்லிவிட்டு, மற்றதைச் சொல்லாமல் விடுவது நியாயமில்லை.

பொட்டலத்தில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் வாங்குவது ஒருவிதச் சூதாட்டம் அல்லவா என்ற கேள்வி ஆரம்பத்திலேயே எழுந்தது. 1999-ல் அமெரிக்காவின் பல பள்ளிக்கூடங்கள் சீட்டுக்களைக் கொண்டு வரக் கூடாது என்று தடுத்தன. அதே வருஷம் ஸான்டியாகோ நகரில் பெற்றோர் தரப்பில் வழக்கே தொடுத்தார்கள். பெரிய பையன்கள் சின்னப் பையன்களை ஏமாற்றி, நல்ல சீட்டை வாங்கிக்கொண்டு செல்லாச் சீட்டைத் தள்ளிவிடுவதும், அழுகையும் சண்டையுமாக வகுப்பு கலைவதும் அன்றாட விவகாரமாகிவிட்டன.

அப்போதாவது பிள்ளைகள் சண்டை போட்டார்கள். பிற்பாடு பெரியவர்களே ஆரம்பித்துவிட்டார்கள். 1997, 1998 வருஷங்களில் ஜப்பானில் ஒரு சிறுவர் பத்திரிகை படம் வரையும் போட்டி நடத்தி, ஜெயித்தவர்களுக்கு ஒரு பிகாச்சு சீட்டைப் பரிசாகக் கொடுத்தது. மொத்தம் சில டஜன் பேருக்குத்தான் கிடைத்தது. அந்தச் சீட்டுக்களில் ஒன்றை லோகன் பால் என்ற அமெரிக்கப் பிரபலர் 52,75,000 டாலர் மதிப்புக்கு வாங்கினார் என்று 2022-ல் கின்னஸ் புத்தகத்தில் ஏறியது! காகிதத் துண்டுக்கு இந்த விலை என்றால் ஊர் சும்மா இருக்குமா?

2021 மே மாதம் அமெரிக்காவில் டார்கெட் என்ற பெரிய கடை நிறுவனம், சீட்டு வாங்க வந்த பெரியவர்களிடையே கைகலப்பு உண்டானதால், கடைகளில் போக்கிமான் சீட்டு விற்பதைக் கொஞ்ச காலம் நிறுத்தி வைத்தது. 2025 ஆகஸ்டில் ஜப்பானில் மக்டொனால்ட் உணவு விடுதிகளில் குழந்தைகள் சாப்பாட்டோடு போக்கிமான் சீட்டு இனாம் என்று அறிவித்தார்கள். கூடை கூடையாகச் சாப்பாட்டை வாங்கிச் சீட்டை மட்டும் எடுத்துக்கொண்டு, உணவைத் தெருவில் எறிந்துவிட்டுப் போனவர்கள் குழந்தைகள் அல்ல; விற்று லாபம் பார்க்க நினைத்த பெரியவர்கள்! அம்மா கையைப் பிடித்துக்கொண்டு ஆசையோடு வந்த குழந்தைகள் ஏமாந்து திரும்பினார்கள். கம்பெனி மன்னிப்புக் கேட்டுக்கொண்டது.

ஆகவே, குழந்தைகள் ஆட்டத்தைப் பெரியவர்கள் ஆடுவதில் தப்பே இல்லை. அவர்கள் ஆடாமல் வெறும் பணமாகப் பார்க்க ஆரம்பிக்கும்போதுதான் குழந்தைகளுக்கு இடமில்லாமல் போகிறது.

சாய்தோஷோ மாமாக்கள்

இதற்கு நேர் மாறான ஒரு கதையும் அதே ஜப்பானில் உண்டு. புக்குவோகா மாகாணத்தில் கவாரா என்று ஒரு சிற்றூர். அங்கே சாய்தோஷோ என்ற பகுதி. பெயருக்குச் செம்பு எடுக்கும் இடம் என்று பொருள். ஊரில் பெரியவர்கள் ஒரு பக்கம், குழந்தைகள் ஒரு பக்கம். ஒருவரை ஒருவர் தெரியாது. அங்குள்ள சமூக நிலையத்தில் பொறுப்பு வகித்த ஒரு பெண்மணிக்கு ஒரு யோசனை தோன்றியது. ஊரிலுள்ள மாமாக்களையும் தாத்தாக்களையுமே சீட்டாகப் போட்டால் என்ன?

போட்டார்கள்! தீயணைப்புப் படையில் தலைவராக இருந்தவருக்கு ஒரு சீட்டு. சிறைச்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவருக்கு ஒரு சீட்டு. சோபா என்கிற சேமியா போன்ற பண்டத்தைக் கைப்பக்குவமாகச் செய்யக் கற்றுக்கொடுப்பவருக்கு ஒரு சீட்டு. ஒவ்வொன்றிலும் போட்டோ, உயிர்ப் பலம், விசேஷ சக்தி. ஊர்க் காரியங்களில் எவ்வளவு உழைக்கிறாரோ அவ்வளவுக்கு அவருடைய சீட்டின் பலம் கூடும்.

சேர்த்து வைக்கத்தான் என்று ஆரம்பித்தது. குழந்தைகள் தாமாகவே அதை ஆட்டமாக்கிவிட்டார்கள். 2025 மார்ச்சில் இந்தச் செய்தி உலகமெங்கும் பரவியது. எழுபது, எண்பது வயதுப் பெரியவர்களைத் தெருவில் கண்டால் குழந்தைகள் ஓடி வந்து, "நீங்கள்தானே அந்தச் சீட்டில் இருப்பவர்? கையெழுத்துப் போடுங்கள்!" என்று சூழ்ந்துகொள்கிறார்களாம். நிலையத்துக்கு வரும் குழந்தைகளின் தொகை பெருகிற்று. ஓய்வு பெற்றபின் வீட்டில் யாரும் திரும்பிப் பார்க்காத ஒரு மனிதருக்கு, எட்டு வயதுப் பேத்தி மாதிரி ஒரு குழந்தை, "உங்கள் சீட்டு என்னிடம் இருக்கிறது" என்று சொன்னால் எப்படி இருக்கும்!

அம்மாக்களுக்கு

வீட்டில் பிள்ளை சீட்டுக்கட்டோடு உட்கார்ந்திருந்தால் இரண்டொரு காரியம் செய்யலாம். பொட்டலம் வாங்க மாதத்துக்கு இவ்வளவு என்று ஒரு தொகையை முன்கூட்டியே கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். குறிப்பிட்ட ஒரு சீட்டுத்தான் வேண்டுமென்று பிடிவாதம் பிடித்தால், பொட்டலம் பொட்டலமாகப் பிரிப்பதைவிட, அந்த ஒன்றை மட்டும் விலைக்கு வாங்குவது பெரும்பாலும் சிக்கனம். தன்னைவிட மூத்தவர்களோடு சீட்டு மாற்றும்போது, பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும்.

பிறகு, கைக்காரியத்தை முடித்துவிட்டு ஒரு சாயங்காலம் எதிரே உட்காருங்கள். "எனக்கும் சொல்லிக்கொடடா" என்று கேளுங்கள். பாடம் சொல்லிக்கொடுக்கும் வேலை அன்றைக்கு அவனுடையது. முதல் ஆட்டத்தில் நீங்கள் நிச்சயம் தோற்றுப் போவீர்கள். அடுத்த நாள் பள்ளிக்கூடத்தில் அவன் முதலில் சொல்லப் போகிற சேதி அதுவாகத்தான் இருக்கும்!