இணையத்துக்கு அர்த்தம் புரியுமா?

"கல்கி" என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வருகிறது? சிலருக்கு பொன்னியின் செல்வன் எழுதியவர். சிலருக்கு 1941-ல் தொடங்கிய பத்திரிகை. சிலருக்கு தசாவதாரத்தில் கடைசி அவதாரம். பிரபாஸ் ரசிகர்களுக்கு 2024-ல் வந்த படம். யாராவது பேசும்போது எந்தக் கல்கி என்று நமக்குச் சட்டெனப் புரிந்துவிடும். கம்ப்யூட்டருக்கோ நாலும் ஒரே எழுத்துகள்தான்.

காரணம் இருக்கு. ஹெச்.டி.எம்.எல். "இது தலைப்பு, இது பத்தி, இது லிங்க்" என்று மட்டும்தான் சொல்லும். அந்தத் தலைப்பில் இருப்பது ஆளா, ஊரா, புத்தகமா என்று சொல்லாது.

இந்தக் குறையைத் தீர்க்க வந்த யோசனைதான் செமாண்டிக் வெப், தமிழில் பொருளுணர் வலை. 1989-ல் வேர்ல்டு வைடு வெப்பை முன்மொழிந்த டிம் பெர்னர்ஸ்-லீ, வேறு இருவருடன் சேர்ந்து 2001 மே மாத சயின்டிஃபிக் அமெரிக்கன் இதழில் இதை விளக்கினார். மனிதர்கள் படிக்கும் பக்கத்தோடு, இயந்திரத்துக்குப் புரியும் தகவலையும் சேர்த்து வைப்போம். அவ்வளவுதான் மேட்டர்.

எப்படி வைப்பது? ஆர்.டி.எஃப். என்ற முறையில் ஒவ்வொரு தகவலும் மூன்று துண்டு:

பொன்னியின் செல்வன் – எழுதியவர் – கல்கி
பொன்னியின் செல்வன் – வெளிவந்த இதழ் – கல்கி
கல்கி – பிறந்த ஆண்டு – 1899

முதல் வரியிலும் மூன்றாவது வரியிலும் இருப்பவர் எழுத்தாளர். இரண்டாவது வரியில் இருப்பது பத்திரிகை. இரண்டுக்கும் தனித்தனி அடையாள முகவரி கொடுத்துவிட்டால் குழப்பம் தீர்ந்தது. அப்புறம் "1900-க்கு முன் பிறந்தவர்கள் எழுதிய தமிழ் நாவல்கள் எவை?" என்று ஸ்பார்க்கிள் என்ற வினவல் மொழியில் கேட்கலாம். எந்த ஒரு பக்கத்திலும் அந்தப் பட்டியல் இருக்க வேண்டியதில்லை. துண்டுகளைக் கோர்த்து விடை வரும்.

இது ஏட்டளவில் நின்றுவிடவில்லை. 2011-ல் கூகுள், மைக்ரோசாஃப்ட், யாஹூ சேர்ந்து ஸ்கீமா.ஆர்க் என்ற பொதுச் சொல்தொகுதியைத் தொடங்கின. தேடலில் சமையல் குறிப்புக்குக் கீழே வரும் நட்சத்திரங்கள் அதன் வேலைதான். 2012-ல் விக்கிடேட்டா வந்தது. அதில் ஒரு தகவலை ஒருமுறை திருத்தினால் எல்லா மொழி விக்கிப்பீடியாக்களும் அதை எடுத்துக்கொள்ள முடியும்.

நாளைக்கு என்ன மாறும்? வெப்சைட் என்பது பார்க்கும் பக்கமாக மட்டும் இல்லாமல், மற்ற மென்பொருள்கள் கேள்வி கேட்கும் தகவல் களஞ்சியமாகவும் இருக்கும். ஒவ்வொரு கல்லூரியும் சிம்போசியம் தேதி, இடம், கட்டணத்தை இப்படிக் குறித்து வைத்தால், உங்கள் இன்டர்னல் தேர்வோடு மோதாதவற்றை மட்டும் போனே பொறுக்கித் தரலாம்.

ஆனால் சிக்கலும் உண்டு. விடை தேடல் பக்கத்திலேயே கிடைத்துவிட்டால், தகவலைத் திரட்டி எழுதியவரின் தளத்துக்கு யார் போவார்கள்? விளம்பரத்தை நம்பி நடக்கும் சின்னத் தளங்களுக்கு இது வாழ்வா சாவா பிரச்சினை. இன்னொன்று, நம்பகத்தன்மை. ஒரு காலத்தில் பக்கத்துக்குச் சம்பந்தமே இல்லாத சொற்களை மெட்டா கீவேர்டில் அடுக்கினார்கள். தரவரிசைக்கு அதைப் பார்ப்பதே இல்லை என்று 2009-ல் கூகுள் அறிவித்தது. குறிச்சொல்லிலும் பொய் எழுதலாம், இல்லையா?

"அதான் ஏ.ஐ. வந்தாச்சே, இது எதுக்கு?" என்று கேட்கலாம். மொழி மாதிரிகள் எழுத்திலிருந்து ஊகிக்கின்றன. சில சமயம் தப்பாகவும் ஊகிக்கின்றன. அதைச் சரிபார்க்க, அர்த்தம் தெளிவாகக் குறிக்கப்பட்ட தகவல் எங்காவது இருக்க வேண்டும்.

தமிழில் அது இருக்குமா என்பது நம்ம கையில்தான் இருக்கு. அடுத்த முறை ப்ராஜெக்டுக்காக ஒரு தளம் செய்யும்போது நாலு வரி ஜேசன்-எல்டி சேர்த்துப் பாருங்கள். விக்கிடேட்டாவில் உங்கள் ஊருக்குத் தமிழ்ப் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், நீங்களே சேர்க்கலாம். ஒரு நிமிஷ வேலைதான்.