ஓவியம் வராதது கையின் குற்றமா?

“எனக்கு ஒரு பூனை கூட வரைய வராது” என்று சொல்லிச் சிரிப்பவர்கள் ஒவ்வோர் ஆபீஸிலும் உண்டு. அதோடு நின்றால் பாதகமில்லை. நோட்டுப் புத்தகத்துடன் வந்து நிற்கும் பிள்ளையிடமும், “நம் குடும்பத்தில் யாருக்கும் கை வராது” என்று சொல்லிவிடுகிறார்கள். பிள்ளை அன்றே பென்சிலைக் கீழே வைத்துவிடுகிறது.

சித்திரம் கைப்பழக்கத்தால் வருவது என்கிறது ஔவையார் பெயரால் வழங்கும் பாட்டு. பிறவியால் வருவதல்ல என்பது உண்மையே. ஆனால் பழக வேண்டியது கை மட்டுமா?

போட்டோவின் மேலேயே கோடிழுக்கச் சொன்னால் சாதாரண மனிதரும் ஒழுங்காக இழுத்துவிடுகிறார். அதே போட்டோவைத் தள்ளி வைத்துப் பார்த்து வரையச் சொன்னால் கோணலாகிவிடுகிறது. அமெரிக்க உளநூல் ஆராய்ச்சியாளர்களான டேல் கோஹன், சூசன் பென்னட் இருவரும் இதை ஆராய்ந்து 1997-ல் ஒரு முடிவை வெளியிட்டனர். கையின் தடுமாற்றம் அற்பக் காரணம். பொருளைச் சரியாகப் பார்க்காததே பெருங்காரணம் என்பதே அது. நாற்காலிக்கு நாலு கால், நாலும் ஒரே நீளம் என்று மனம் அறிந்திருக்கிறது. கண்ணுக்குத் தெரிவதை விட்டு, மனம் அறிந்ததையே கை வரைந்துவிடுகிறது.

பார்க்கப் பழக்கும் வழிகள்

இதற்குப் பயிற்சிகள் உண்டு. ஓவிய ஆசிரியர் கிமோன் நிக்கொலாய்டிஸ் எழுதி 1941-ல் வெளிவந்த நூல் சொல்லும் வழி இது: பொருளின் விளிம்பில் கண் எறும்பு போல ஊர்ந்து செல்ல வேண்டும், காகிதத்தைப் பாராமலே பென்சில் கூடவே நகர வேண்டும்.

பெட்டி எட்வர்ட்ஸ் 1979-ல் எழுதிய நூலில், படத்தைத் தலைகீழாக வைத்து வரையச் சொல்கிறார். அப்போது மூக்கு மூக்காகத் தெரியாது. கோடாக மட்டுமே தெரியும். மூளையின் வலப் பாதியை வைத்து அவர் தந்த விளக்கத்தைப் பின்னாளைய அறிஞர்கள் அப்படியே ஏற்கவில்லை. ஆயினும் பயிற்சி பயனுள்ளதே.

மாரேட்பள்ளி வாசலில் கோலம் போடும் தாய்க்கும் இது புதிதல்ல. புள்ளி வைத்து, இடைவெளியைக் கண் அளந்த பிறகே கோடு இழுக்கிறார்.

ஹைதராபாத்தின் ஆசான்

இந்நகரில் 1940-ல் தோன்றிய ஓவியப் பள்ளி இன்று மாசாப் டாங்க் பகுதியில் நுண்கலைக் கல்லூரியாக வளர்ந்து நிற்கிறது. அங்கே பயின்றவர் கொண்டபல்லி சேஷகிரி ராவ் (1924–2012). பின்னர் சாந்திநிகேதனில் நந்தலால் போஸிடம் கற்றுத் திரும்பி, தாம் படித்த இடத்திலேயே பல்லாண்டு ஆசிரியராக இருந்தார். மாணவரை வெளியே அனுப்பி மரத்தையும் மாட்டையும் உழைக்கும் மனிதரையும் பார்த்து வரையச் செய்வது நந்தலாலின் முறை. ஆராய்ச்சி பின்னாளில் சொன்னதை அனுபவம் முன்பே கண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை கால் மணி நேரம் போதும். அடுக்களையிலிருந்து ஒரு டம்ளரை எடுத்துப் பிள்ளையின் முன் வைக்கலாம். “என்ன வரைந்தாய்?” என்று கேட்குமுன், “என்ன பார்த்தாய்?” என்று கேட்கலாம். “கை வராது” என்ற சொல்லை மட்டும் அந்த வீட்டில் யாரும் சொல்லாதிருக்கட்டும்.