கோப்பைப் பூட்டினால் போதுமா? கோப்புறையையும் பாருங்கள்!



ஜொகூர் பள்ளி ஒன்றின் கணினிக்கூடத்தில் லினக்ஸ் கணினி ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அதில் 30 மாணவர்கள் தங்கள் இடுபணிகளைச் சேமிக்கும் பொதுக் கோப்புறை இருக்கிறது. உங்கள் கோப்பை ‘படிக்க மட்டும்’ என்று மாற்றிவிட்டீர்கள். இனி யாரும் அழிக்க முடியாது, சரிதானே? அதுதான் இல்லை!

முதலில் அடிப்படை. யூனிக்ஸ் வகைக் கணினிகளில் ஒவ்வொரு கோப்புக்கும் மூன்று தரப்பினர் உண்டு: உரிமையாளர், குழு, மற்றவர். அனுமதியும் மூன்று வகை: படிக்க 4, எழுத 2, இயக்க 1. இவற்றைக் கூட்டித்தான் எண் வருகிறது. 644 என்றால் உரிமையாளர் படிக்கலாம், எழுதலாம் (4+2). மற்ற இரு தரப்பினரும் படிக்க மட்டுமே முடியும். 444 என்றால் மூவருக்கும் படிக்க மட்டுமே. இந்த எண்ணை மாற்றும் கட்டளை ‘சி-எச்-மோட்’.

பிறகு ஏன் 444 கோப்பும் அழிகிறது? கோப்புறை என்பது ஒரு பெயர்ப் பட்டியல். வகுப்புப் பதிவேட்டில் ஒரு பெயரை அடிக்க, பதிவேடு கையில் இருந்தால் போதும். அந்த மாணவரைக் கேட்க வேண்டியதில்லை. அதுபோலவே, கோப்பை அழிப்பது என்பது கோப்புறையின் பட்டியலிலிருந்து பெயரை நீக்குவது. கோப்புறைக்கு 777 கொடுத்திருந்தால் யார் வேண்டுமானாலும் நீக்கலாம். கணினி ‘நிச்சயமா?’ என்று ஒரு தடவை கேட்கும். ‘ஆம்’ என்றால் போச்சு!

என்ன செய்யலாம்?

1. நீங்கள் மட்டும் பயன்படுத்தும் கோப்புறைக்கு 755 கொடுங்கள். மற்றவர் பார்க்கலாம், எதையும் சேர்க்கவோ நீக்கவோ முடியாது.

2. பலர் பயன்படுத்தும் கோப்புறைக்கு 1777 கொடுங்கள். முன்னால் உள்ள 1-க்கு ‘ஸ்டிக்கி பிட்’ என்று பெயர். எல்லாரும் கோப்பு வைக்கலாம். ஆனால், ஒரு கோப்பை அதன் உரிமையாளர், கோப்புறையின் உரிமையாளர், கணினி நிர்வாகி ஆகியோர் மட்டுமே அழிக்கலாம்.

3. மதிப்பெண் பட்டியல் போன்ற முக்கியக் கோப்புக்கு, நிர்வாகி ‘சி-எச்-ஏ-டி-டி-ஆர்’ கட்டளையுடன் ‘+ஐ’ சேர்த்துப் பூட்டலாம். அந்தப் பூட்டைத் திறக்கும்வரை நிர்வாகியாலும் அழிக்க முடியாது.

இத்தனை செய்தாலும் நம் கை தவறினால் அனுமதி எண்கள் காப்பாற்றாது. 1998-இல் பிக்சார் நிறுவனத்தில் தவறான இடத்தில் கொடுக்கப்பட்ட ஓர் அழிப்புக் கட்டளை ‘டாய் ஸ்டோரி 2’ படத்தின் பெரும்பகுதியை அழித்தது. காப்புப்படியும் சரியாக வேலை செய்யவில்லை. கேலின் சூஸ்மன் என்ற பணியாளரின் வீட்டுக் கணினியில் இருந்த படிதான் கைகொடுத்தது. ஆகவே, இன்னோர் இடத்தில் ஒரு படி வைத்திருங்கள். அது திறக்கிறதா என்றும் அவ்வப்போது பாருங்கள்.

மாணவர்களே, ஒரு பயிற்சி: கோப்புக்கு 666, கோப்புறைக்கு 755. உரிமையாளர் அல்லாத ஒருவர் அந்தக் கோப்பை அழிக்க முடியுமா? முடியாது, ஆனால், உள்ளே இருப்பதையெல்லாம் துடைத்துவிடலாம்! காரணத்தை இரண்டு வரியில் எழுதிப் பாருங்கள். அதை எழுத முடிந்தால் பாடம் புரிந்துவிட்டது.