நகரபிதாவும் லயத்துப் பிள்ளைகளும்

மேயர் என்னும் பதவிக்கு நம்மவர் இட்ட பெயர் ‘நகரபிதா’ என்பது. ஆங்கிலச் சொல்லின் வேர்ப்பொருள் ‘பெரியவர்’ என்ற அளவிலே நிற்க, தமிழர் அதனைத் தந்தைமை ஆக்கிக்கொண்டனர். தந்தை உண்டெனின் பிள்ளைகளும் உண்டு. எவரெவரைத் தன் பிள்ளைகளென ஒரு நகரம் எண்ணுகின்றது, எவரை வாயிலுக்குப் புறத்தே நிறுத்துகின்றது என்று ஆராய்வார்க்கு ஊராட்சியின் வரலாறு முழுதும் விளங்கிவிடும்.

ஊராட்சி என்றதும் உத்தரமேரூரை நினையாத தமிழாசிரியர் இலர். பத்தாம் நூற்றாண்டின் முற்பகுதியில், முதற் பராந்தகன் காலத்தே, அவ்வூர்ச் சபை குடவோலை முறையைக் கல்லிலே பொறித்து வைத்தது. ஊர் முப்பது குடும்புகளாகப் பகுக்கப்பட்டது. வாரியப் பதவிக்கு ஓராண்டே எல்லை. பதவி வகித்துக் கணக்குக் காட்டாதாரும் அவர்தம் உறவினரும் மீண்டும் தெரிவுபெறல் இயலாது. இவ்விதியை இன்று படிப்பினும் நெஞ்சு நிமிர்கின்றது. ஆயினும் அக்கல்வெட்டிலேயே பிறிதொரு விதியும் உண்டு: வரி செலுத்தும் சொந்த நிலமும், சொந்த மனையில் எடுத்த வீடும் உடையவரே ஓலையிற் பெயர் எழுதப்பெறுவர். அஃது அந்தணர் சபையாதலின் வேதப் பயிற்சியும் வேண்டப்பட்டது. மனையிலார்க்கு மன்றில் இடமில்லை என்னும் இவ்வழக்கு எத்துணைத் தொன்மையது என்பதை நாம் மறத்தலாகாது.

இனி ஐரோப்பியர் கொணர்ந்த முறையை நோக்குவோம். சென்னையில் 1688ஆம் ஆண்டு மாநகராட்சி தொடங்கிற்று. நதானியேல் இகின்சன் முதல் மேயரானார். இலங்கையில் 1865ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் மாநகரசபைகளுக்கு வித்திட்டது. எனினும் கொழும்பில் நெடுங்காலம் அரசாங்க உத்தியோகத்தரே தலைமை வகித்தனர். 1937ஆம் ஆண்டிலேதான் உறுப்பினர் தாமே ஒரு மேயரைத் தெரிந்தெடுத்தனர். அவ்வாறு தெரிவான முதல்வர் ஒரு தமிழர். மருத்துவர் இரத்தினசோதி சரவணமுத்து. அவர்தம் துணைவியார் நேசம் சரவணமுத்து 1932ஆம் ஆண்டிலேயே வட கொழும்பின் சார்பில் அரசாங்க சபையில் அமர்ந்தவர். பல இனத்தார் வாழும் தலைநகர் ஒரு தமிழரைத் தந்தையென ஏற்றது நாம் போற்றத்தக்க செய்தியே.

ஆனால் அதே பத்தாண்டில் மலைநாட்டில் நிகழ்ந்தது யாது? 1930களின் பிற்பகுதியில் கிராமச்சங்கச் சட்டம் திருத்தப்பட்டபோது, தோட்ட லயங்களில் வாழ்ந்த தொழிலாளர் அச்சங்கத் தேர்தல்களினின்றும் விலக்கப்பட்டனர். தோட்டம் துரையின் எல்லை; கிராமம் சங்கத்தின் எல்லை. லயத்தார் முன்னதிற் பணியாளர், பின்னதில் அயலார். 1924ஆம் ஆண்டு பதுளைக்குப் புகைவண்டி வந்தது. ஊவாத் தேயிலை உலகெங்கும் சென்றது. கொழுந்து பறித்த கைக்கு ஊர்ச்சபையிற் புள்ளடியிடும் உரிமை மட்டும் எட்டவில்லை.

அவ்வுரிமைக்கான ஆற்றல் அம்மக்களிடம் இல்லாமற் போகவில்லை. 1940ஆம் ஆண்டு வேலைநிறுத்த அலை எழுந்தபோது, ஊவாவின் வெவெஸ்ஸத் தோட்டத் தொழிலாளர் தாமே ஒரு சபையைத் தெரிந்தெடுத்தனர். அச்சபையைக் கலந்தே கருமமாற்ற அத்தோட்டத் துரையும் இசைந்தார். அது நெடிது நிலைத்ததன்று. ஆயினும் லயத்தார் அமைத்த ஊராட்சி என அதனை நம் மாணவர் அறிந்திருத்தல் வேண்டும். 1947ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு தொகுதிகளை வென்றது; பதுளையில் எஸ். எம். சுப்பையா தெரிவானார். அடுத்து வந்த 1948, 1949ஆம் ஆண்டுச் சட்டங்கள் குடியுரிமையையும் வாக்கையும் ஒருங்கே பறித்தன. அவை முழுதும் மீள 1988, 2003ஆம் ஆண்டுச் சட்டங்கள் வரை காத்திருக்க நேர்ந்தது.

வாக்கு மீண்டபின்னும் வாயில் முழுதும் திறக்கவில்லை. 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு, சபைநிதியைத் தோட்டக் குடியிருப்புகளுக்குச் செலவிட இடந்தரவில்லை என்றே பொருள்கொள்ளப்பட்டது. தோட்டத்தார் வாக்களிப்பர், அவர்தம் பிள்ளை உறுப்பினராகவும் அமர்வார், ஆயினும் தான் பிறந்த லயத்து வழியிலே ஒரு கல்லையும் அவர் சபைப் பணத்தாற் பதிக்கவொண்ணாது! இத்தடை நீங்கும் வண்ணம் அச்சட்டம் 2018ஆம் ஆண்டிலேதான் திருத்தப்பெற்றது.

இஃது ஏட்டளவான குறை எனக் கருதுவார் கொஸ்லந்தையை நினைக்க. 2014 ஒக்டோபர் 29ஆம் நாள் மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடியது. அவ்விடம் ஆபத்தானது என முன்னரே எச்சரிக்கை விடுக்கப்பட்டிருந்தது. மக்களைப் பெயர்த்துக் குடியேற்றும் கடமை எவருடையது? தோட்ட நிருவாகத்தினதா, அரசினதா, சபையினதா? பலருக்குரிய கடமை ஒருவருக்கும் உரியதாகாமற் போயிற்று. தந்தையற்ற ஊரின் துயரம் இதுவே.

அமெரிக்க நாட்டுப் பர்மிங்காம் நகரும் நமக்கு ஒரு பாடம் கூறும். நிலக்கரியாலும் எஃகாலும் வளர்ந்த அந்நகரில் 1963ஆம் ஆண்டு உரிமை கேட்ட கறுப்பினச் சிறுவர்மீது நாய்களை ஏவினர், நீரைப் பீய்ச்சினர். 1965ஆம் ஆண்டு வாக்குரிமைச் சட்டம் பிறந்தது. 1979ஆம் ஆண்டு எஃகு ஆலைத் தொழிலாளி ஒருவரின் மகனாகிய ரிச்சர்டு ஆரிங்டன் அந்நகரின் மேயரானார். சட்டம் கதவைத் திறந்தது. அதன்பின் வட்டாரந்தோறும் மக்கள் இயற்றிய முயற்சியே அவரை உள்ளே அமர்த்தியது.

நம் பதுளை மாவட்டத்தில் பதுளை, பண்டாரவளை ஆகிய இரு மாநகரசபைகளும், அப்புத்தளை நகரசபையும், பதினைந்து பிரதேச சபைகளும் உள்ளன. 2018ஆம் ஆண்டுத் தேர்தல் முதலாக நாலில் ஒரு பங்கு இடம் பெண்டிர்க்கென ஒதுக்கப்பட்டுள்ளது. கொழுந்துக்கூடை சுமந்த தாய்மார்க்கு இது சிறிய வாயிலன்று. எனினும், தன் வட்டாரம் எது, தன் உறுப்பினர் எவர், சபையின் ஆண்டுக் கணக்கு எங்கே கிடைக்கும் என வினவின், எத்துணைத் தோட்டத்து மாணவர் விடையிறுப்பர்?

ஆசிரியர்களே, குடவோலையைக் கற்பிக்கும் நாளில் இவ்வினாக்களையும் வகுப்பறையில் எழுப்புங்கள். சொந்த மனை வேண்டுமென்ற உத்தரமேரூர் விதி ஒழியட்டும். கணக்குக் காட்டாதார்க்கு இடமில்லை என்ற விதி ஊவா மலைகளிலே உயிர்பெறட்டும். கணக்குக் கேட்கும் பிள்ளைகள் உள்ள ஊரிலேதான் நகரபிதா என்னும் பெயர் பொருளுடைத்தாகும்.