குறைந்தது ஒரு பெண்

பட்டியலிடப்பட்ட ஒவ்வொரு நிறுவனத்தின் இயக்குநர் குழுவிலும் குறைந்தது ஒரு பெண் இருக்க வேண்டும் என்றது 2013ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம். கெடு நெருங்கியபோது பல அதிபர்கள் ஆள் தேடி அலையவில்லை. மனைவி, மகள், மருமகள் என்று வீட்டுக்குள்ளேயே இயக்குநர் கிடைத்துவிட்டார். அந்த ஓட்டையை அடைக்கப் பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு வாரியமான செபி 2018இல் விதியைத் திருத்தியது. சந்தை மதிப்பில் முதல் 500 நிறுவனங்கள் 2019 ஏப்ரலுக்குள்ளும், முதல் 1000 நிறுவனங்கள் 2020 ஏப்ரலுக்குள்ளும் குடும்பத்துக்கு வெளியிலிருந்து ஒரு பெண்ணைச் சுயேச்சை இயக்குநராக நியமித்தாக வேண்டும். எண்ணிக்கை ஏறியது. மருந்துத் துறையையே எடுத்துக்கொள்ளுங்கள்: நிறுவனங்களின் ஆண்டறிக்கையில் இயக்குநர்கள் படம் போட்ட பக்கம் இப்போது பார்க்க நன்றாகவே இருக்கிறது.

ஆனால் சுயேச்சை இயக்குநர் என்பவர் கூட்டங்களுக்கு வந்து போகிறவர். சட்டம் கட்டாயப்படுத்துவது ஆண்டுக்கு நான்கு கூட்டங்களைத்தான். எந்த மருந்தைத் தயாரிப்பது, எந்த ஆலையை விரிவாக்குவது, யாருக்குப் பதவி உயர்வு தருவது என்பதையெல்லாம் அன்றாடம் முடிவு செய்கிறவர்கள் வேறு.

அந்த இடத்தில் பெண்களே இல்லையா என்றால், இருக்கிறார்கள். லூபினில் வினிதா குப்தா, எம்க்யூரில் நமிதா தாப்பர், கொரோனா காலத்தில் கோர்பேவாக்ஸ் தடுப்பூசியைத் தயாரித்த பயலாஜிக்கல் ஈ நிறுவனத்தில் மஹிமா தாட்லா. மூவரும் அந்தந்த நிறுவனத்தை நடத்தும் குடும்பத்தின் மகள்கள். கிரண் மஜும்தார் ஷா 1978இல் பயோகானைத் தானே தொடங்கினார். பீர் தயாரிப்பில் ஆஸ்திரேலியாவில் பட்டம் பெற்றுத் திரும்பியவருக்கு இங்கே அந்த வேலையைத் தர யாரும் முன்வராததும் அதற்கு ஒரு காரணம். இவர்களின் திறமை கேள்விக்கு அப்பாற்பட்டது. இவர்கள் வந்த பாதையில், எம்.ஃபார்ம் முடித்து ஊழியராகச் சேரும் ஒரு பெண் நடக்க முடியாது என்பதுதான் பிரச்சினை. பெயர்களை அடுக்கி “நம் மருந்துத் துறையில் பெண்கள் கொடி கட்டிப் பறக்கிறார்கள்” என்று பேசுவோர் இதைக் கவனமாகத் தாண்டிப் போகிறார்கள்.

ஊழியராகச் சேர்ந்தவர் மேலே போக இந்திய மருந்து நிறுவனங்களில் பெரும்பாலும் இரண்டு வழிகள்தான். ஒன்று உற்பத்தி. மாத்திரை, ஊசி மருந்து ஆலைகள் மூன்று ஷிஃப்டுகளில் ஓடுபவை. ஷிஃப்ட் பொறுப்பாளர், உற்பத்தி மேலாளர், ஆலைத் தலைவர் என்று அந்த வரிசை போகும். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ.வின் ஆய்வாளர்கள் வந்து நின்றபோது ஆலையைக் காப்பாற்றிக் கொடுத்தவர் என்ற பெயர் கிடைத்தால் அடுத்த இடம் தலைமையகம். ஆனால் 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 66ஆவது பிரிவு, மாலை 7 மணி முதல் காலை 6 மணி வரை பெண்களைத் தொழிற்சாலையில் வேலை வாங்கக் கூடாது என்றது. சென்னை உயர் நீதிமன்றம் 2000 டிசம்பரில் அந்தத் தடையை அரசியல் சாசனத்துக்கு முரணானது என்று நீக்கியது. நாடு முழுவதற்குமான புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள், பெண்ணின் சம்மதமும் பாதுகாப்பும் இருந்தால் இரவு வேலை தரலாம் என்ற ஏற்பாட்டோடு 2025 நவம்பரில்தான் அமலுக்கு வந்தன. ஆக, இன்று ஐம்பது வயதில் ஆலைத் தலைவர் ஆகத் தகுதியானவர், இரவு ஷிஃப்ட் பழக வேண்டிய இருபதுகளில் இருந்தபோது, நாட்டின் பெரும்பகுதியில் சட்டமே கதவைச் சாத்தி வைத்திருந்தது. அவர் தரக் கட்டுப்பாட்டு ஆய்வகத்துக்குப் போனார். அல்லது ஆவணங்கள், ஒப்புதல் விண்ணப்பங்கள், பக்கவிளைவுக் கண்காணிப்பு என்று மேசை வேலைக்குப் போனார். நிறுவனம் மூடப்படாமல் இருப்பதே அந்த வேலையால்தான். ஆனாலும் அங்கிருந்து நிர்வாக இயக்குநர் ஆகிறவர்கள் அரிது.

இன்னொரு வழி விற்பனை. மருத்துவமனை வாசலில் இரவு ஒன்பது மணிக்கும் பையோடு காத்திருக்கும் ரெப்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அதில் பெண்கள் எத்தனை பேர் என்று அடுத்த முறை பாருங்கள். ஏரியா மேனேஜரும் ரீஜனல் மேனேஜரும் அந்தக் கூட்டத்திலிருந்துதான் வருகிறார்கள்.

நல்ல எண்ணத்தில் வந்த சட்டமும் இடறலாம். பேறுகால விடுப்பு 2017இல் 12 வாரத்திலிருந்து 26 வாரமாக உயர்ந்தது. தேவையான சட்டம். ஆனால் இ.எஸ்.ஐ. வரம்புக்கு மேல் சம்பளம் வாங்குபவருக்கு அந்த ஆறு மாதச் செலவு முழுவதும் நிறுவனத்தின் தலையில். பதவி உயர்வுப் பட்டியலில் முப்பது வயதுப் பெண்ணின் பெயர் வரும்போது மேலதிகாரி மனதுக்குள் போடும் கணக்கை எந்தக் கோப்பிலும் பார்க்க முடியாது.

பன்னாட்டு நிறுவனங்களின் இந்தியக் கிளைகள் இதில் கொஞ்சம் மாறுபட்டவை. குடும்பத் தொடர்பில்லாத மீனாட்சி நெவாடியா 2023இல் பைசரின் இந்திய நிர்வாக இயக்குநர் ஆனார். தலைமைப் பதவிகளில் இத்தனை விழுக்காடு பெண்கள் என்று பல தலைமையகங்கள் இலக்கு வைத்திருந்தன. இப்போது அதுவும் ஆட்டம் காண்கிறது. இயக்குநர் குழுவின் பன்முகத்தன்மை பற்றி, உயிரித் தொழில்நுட்ப நிறுவனங்கள் குவிந்திருக்கும் நாஸ்டாக் சந்தை வைத்திருந்த விதியை அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் 2024 டிசம்பரில் ரத்து செய்தது. அடுத்த மாதமே பன்முகத்தன்மைத் திட்டங்களுக்கு எதிரான டிரம்பின் ஆணைகள் வந்தன. ரோஷ் சுவிட்சர்லாந்து நிறுவனம்; ஜி.எஸ்.கே. பிரிட்டன் நிறுவனம். இரண்டுமே சில வாரங்களில் தங்கள் இலக்குகளைக் கைவிட்டன. ஜி.எஸ்.கே.யின் தலைமைச் செயல் அதிகாரியாக அப்போது இருந்தவர் எம்மா வால்ம்ஸ்லி என்ற பெண். தலைமையில் ஒரு பெண் இருப்பதே காப்பு என்று நம்புவோர் இதைக் குறித்துக்கொள்ளலாம்.

இதெல்லாம் அந்தத் துறையில் வேலை பார்க்கிறவர்களின் பாடு என்று விட்டுவிட முடியாது; மருந்தை விழுங்கும் பெண்களையும் அது தொடும். கருத்தரிக்கும் வயதுப் பெண்களைத் தொடக்கநிலை மருந்துச் சோதனைகளிலிருந்து விலக்கி எஃப்.டி.ஏ. 1977இல் ஒரு நெறிமுறை வெளியிட்டது. கருவிலிருந்த குழந்தைகளைச் சிதைத்த தாலிடோமைடு மருந்தின் பாதிப்புகளுக்குப் பின் எழுந்த அச்சம் அது. 1993வரை அது நீடித்தது. அதற்கு முந்தைய ஆண்டுதான் சோல்பிடெம் என்ற தூக்க மாத்திரைக்கு அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்திருந்தது. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே அளவு, 10 மில்லிகிராம். பெண்ணுடலில் அது மெதுவாகவே வெளியேறுகிறது, காலையில் வண்டி ஓட்டும்போதும் ரத்தத்தில் மிச்சம் இருக்கிறது என்று சொல்லி, பெண்களுக்கான அளவை 5 மில்லிகிராமாகக் குறைக்க 2013 ஆகிவிட்டது. மேலிடத்தில் பெண்கள் இருந்திருந்தால் இது நடந்திருக்காது என்று அடித்துச் சொல்ல எனக்குத் துணிவில்லை. “பெண்களுக்குத் தனியாகப் பார்த்தீர்களா?” என்ற கேள்வி இருபது ஆண்டுகளுக்கு முன்பே எழுந்திருக்கும் வாய்ப்பு கூடியிருக்கும். அவ்வளவுதான் சொல்ல முடியும், அதுவே போதும்.

மகளை உயிரித் தொழில்நுட்பம் படிக்க வைக்கும் பெற்றோர், வகுப்பில் பாதிக்கு மேல் பெண்கள், இனிக் கவலையில்லை என்கிறார்கள். வகுப்பறையில் இருக்கும் விகிதம் தானாக மேலே ஏறும் என்பதற்கு இந்தத் துறையில் இதுவரை ஆதாரம் இல்லை. வேலைக்குச் சேருமுன் இயக்குநர்கள் படத்தைப் பார்க்க வேண்டியதில்லை. முதல் 1000 பட்டியல் நிறுவனங்கள் செபிக்குத் தரும் பொறுப்பு அறிக்கையில் இரண்டு அட்டவணைகள் இருக்கின்றன. ஒன்று, வேலையை விட்டுப் போனவர்களின் விகிதம், ஆண் பெண் எனப் பிரித்து. மற்றது, பேறுகால விடுப்பு முடிந்து திரும்பியவர்களும், திரும்பி ஓராண்டு கழித்தும் வேலையில் நீடித்தவர்களும். ஆலைத் தலைவர்களிலும் மண்டல விற்பனை மேலாளர்களிலும் பெண்கள் எத்தனை பேர் என்று அந்த அறிக்கை கேட்பதில்லை. அதை நேர்முகத் தேர்வில் நீங்களே கேட்க வேண்டியிருக்கும்.