வீட்டு முற்றத்தில் ஒரு வானிலை நிலையம்

கோடைக்காலத்தில் வட இந்தியச் சமவெளியில் இருவர் சந்தித்தால், முதலில் பேசப்படும் பொருள் வெயிலேயாகும். "இவ்வாண்டைப் போன்ற வெயிலைக் கண்டதே இல்லை" என்ற சொல் ஆண்டுதோறும் கேட்கப்படுகிறது. மனித உடல் வெப்பத்தை உணர வல்லது. ஆயின் அதனை அளந்து நினைவில் வைத்திருக்க வல்லதன்று. சென்ற கோடையையும் இக்கோடையையும் ஒப்பிட வேண்டுமாயின், நாள்தவறாமல் எழுதப்பட்ட குறிப்பு ஒன்று தேவை. அதற்குப் பெரிய ஆய்வுக்கூடம் வேண்டுவதில்லை. ஒரு முற்றமும், சில எளிய கருவிகளும், ஒழுங்கான பழக்கமும் போதும். இம்மூன்றினுள் இறுதியாகக் கூறப்பட்டதே அரிதிற் கிடைப்பது.

அளவீட்டில் நேரும் பிழை எத்துணைக் கலக்கத்தை விளைவிக்கும் என்பதற்கு அண்மைக் காலச் சான்று ஒன்று உண்டு. 2024-ஆம் ஆண்டு மே 29-ஆம் தேதியன்று, டில்லியைச் சேர்ந்த முங்கேஷ்பூரில் உள்ள தானியங்கி வானிலை நிலையம் 52.9 டிகிரி சென்டிகிரேடு என்று காட்டிற்று. இந்தியாவில் அதுவரை பதிவாகியிருந்த உச்ச அளவு, 2016-ஆம் ஆண்டு மே 19-ஆம் தேதி இராஜஸ்தானத்துப் பலோடியில் காணப்பட்ட 51.0 டிகிரியாகும். அதனையும் விஞ்சிய செய்தி நாடெங்கும் பரவிற்று. ஆனால் அதே நாளில் டில்லியின் முதன்மை நிலையமாகிய சப்தர்ஜங்கில் 46.8 டிகிரியே பதிவாகியிருந்தது. இந்திய வானிலை இலாகா கருவியைச் சோதித்து, அது சுமார் மூன்று டிகிரி மிகையாகக் காட்டியது என்று பின்னர் அறிவித்தது. ஒரு நிலையத்தின் பிழையை ஏனைய நிலையங்களின் குறிப்புக்களே வெளிப்படுத்தின.

மூன்று டிகிரி என்பது சிறு வேறுபாடன்று. சமவெளிப் பிரதேசத்தில் பகல் உச்சம் 40 டிகிரியையேனும் எட்டி, அக்காலத்திற்குரிய இயல்பான அளவைவிட 4.5 டிகிரியோ அதற்கு மேலோ உயர்ந்தால், அதனை வெப்ப அலை என்று வானிலை இலாகா கணிக்கிறது. எனவே, இயல்பைவிட ஒன்றரை டிகிரி மட்டுமே உயர்ந்த ஒரு நாளை, மூன்று டிகிரிப் பிழையுள்ள கருவி வெப்ப அலை நாளாக மாற்றிவிடும். இயல்பான அளவு என்பதும் முப்பது ஆண்டுக் குறிப்புக்களின் சராசரியேயன்றி வேறன்று.

நிழலும் காற்றும்

வானிலையாளர் உஷ்ணநிலை என்று குறிப்பிடுவது நிழலில் உள்ள காற்றின் உஷ்ணநிலையையேயாகும். வெயிலில் வைக்கப்பட்ட உஷ்ணமானி காற்றை அளப்பதில்லை. சூரிய கிரணங்களால் சூடேறிய தன்னையே அளந்துகொள்கிறது. மொட்டைமாடித் தளம் பகலெல்லாம் வெப்பத்தை உண்டு, இரவெல்லாம் உமிழும். செங்கற் சுவரும் அத்தகையதே. அறையைக் குளிர்விக்கும் இயந்திரத்தின் வெளிப்புறப் பெட்டி வீசும் அனலோ கருவியை முற்றிலும் ஏமாற்றிவிடும்.

இவ்விடையூறுகளை நீக்கும் பொருட்டு, ஸ்காட்லாந்தைச் சேர்ந்த கலங்கரை விளக்கப் பொறியாளர் தாமஸ் ஸ்டீவன்ஸன் 1864-ஆம் ஆண்டில் ஒரு மரப்பெட்டியை அமைத்தார். இவர் நாவலாசிரியர் ராபர்ட் லூயி ஸ்டீவன்ஸனின் தந்தையாவார். பக்கங்களில் சாய்ந்த சட்டங்களைக் கொண்டு, வெண்ணிறம் பூசப்பட்டு, கால்களின் மேல் நிற்கும் அப்பெட்டியினுள் காற்று தாராளமாகப் புகும், வெயில் புகாது. வீட்டில் இத்தகைய பெட்டியை ஊர்த் தச்சரே செய்து தரலாம். கருவி தரையிலிருந்து ஏறத்தாழ 1.2 மீட்டர் உயரத்தில் இருக்கட்டும். கதவு வடக்கு நோக்கி அமைதல் நன்று. திறக்கும்போது கருவியின் மீது வெயில் படுவது அதனால் தவிர்க்கப்படும். பெட்டியின் அடியில் புல்தரையோ மண்தரையோ இருத்தல் சிறப்பு.

இரு வேளைகள்

இந்திய வானிலை நிலையங்களில் காலை எட்டரை மணியும் மாலை ஐந்தரை மணியும் முக்கியமான குறிப்பு வேளைகளாகும். வீட்டிலும் இவற்றையே கொள்ளலாம். இரவின் நீச அளவு பெரும்பாலும் சூரியோதயத்தை ஒட்டியும், பகலின் உச்ச அளவு பிற்பகல் இரண்டு மணிக்கும் நான்கு மணிக்கும் இடையிலும் நேரும். அவ்வேளைகளில் காத்திருக்க வேண்டுவதில்லை. உச்ச நீச உஷ்ணமானியின் இரு முட்களும் அவ்வளவுகளைக் காட்டி நிற்கும். காலையில் நீசத்தையும் மாலையில் உச்சத்தையும் குறித்துக்கொண்டால் போதும்.

ஆயின் முட்களை மீண்டும் அமைக்கும் நேரத்தில் கவனம் தேவை. மாலையில் உச்சத்தைக் குறித்தவுடனேயே முள் அமைக்கப்படுவதாகக் கொள்வோம். அப்பொழுதும் காற்று 42 டிகிரியில் இருக்கக்கூடும். மறுநாள் மழை பெய்து, உஷ்ணநிலை 35 டிகிரிக்கு மேல் ஏறாவிடினும், முள் 42-இலேயே நிற்கும். குளிர்ந்த நாள் வெப்ப நாளாக எழுதப்பட்டுவிடும். ஆகவே உச்ச முள்ளைக் காலையிலும், நீச முள்ளை மாலையிலும் அமைப்பதே முறை. மின்னணுக் கருவியை உடையோரும், அது எந்த வேளையில் புது நாளைத் தொடங்குகிறது என்பதை அறிந்துகொள்ள வேண்டும்.

ஈரத்துணி கூறும் செய்தி

மே மாதத்தில் மேற்கிலிருந்து வீசும் வறண்ட அனற்காற்றை வட நாட்டார் 'லூ' என்பர். அதன் இயல்பை ஒற்றை உஷ்ணமானி முழுதும் உணர்த்தாது. மற்றோர் உஷ்ணமானியின் குமிழில் மெல்லிய பருத்தித் துணியைச் சுற்றி, அதன் நுனியைத் தூய நீரில் தோய்ந்திருக்கச் செய்தல் வேண்டும். துணியிலிருந்து நீர் ஆவியாகுங்கால் குமிழ் குளிர்கிறது. காற்று எவ்வளவு வறண்டதோ, அவ்வளவுக்கு இரு அளவுகளின் வேறுபாடும் மிகும்.

லூ வீசும் பிற்பகலில் காற்றின் உஷ்ணநிலை 44 டிகிரியாகவும் ஈரப்பதம் நூற்றுக்குப் பதினைந்தாகவும் இருப்பின், ஈரக்குமிழ் ஏறத்தாழ 23 டிகிரியைக் காட்டும். வாசலில் நீர் தெளித்துத் தொங்கவிடப்படும் வெட்டிவேர்த் தட்டி அறையைக் குளிர்விப்பது இதனாலேயாம். ஜூலை மாதத்தில் காற்று 36 டிகிரிக்குத் தணிந்து, ஈரப்பதம் நூற்றுக்கு எழுபதாயின், ஈரக்குமிழோ 31 டிகிரிக்கு உயர்ந்துவிடும். உஷ்ணம் எட்டு டிகிரி குறைந்தும் உடல் ஏன் தவிக்கிறது என்பதற்கு விடை இங்கே உள்ளது. வியர்வை உலர வழியில்லை, தட்டியும் பயன்படுவதில்லை. வெளியில் உழைப்போருக்கும் முதியோருக்கும் எந்த நாள் அபாயமானது என்பதை இரு குமிழ்களையும் சேர்த்து நோக்கினால் மட்டுமே அறியலாம்.

இரவின் நீச அளவையும் புறக்கணித்தல் கூடாது. பகலில் வாடிய உடல் இரவின் குளிர்ச்சியிலேயே தேறுகிறது. 2024-ஆம் ஆண்டு ஜூன் 19-ஆம் தேதி சப்தர்ஜங்கில் நீச அளவே 35.2 டிகிரியாக இருந்தது. பகல் உச்சத்தை மட்டும் எழுதி வைப்பவருடைய ஏட்டில் அவ்விரவின் கொடுமை இடம்பெறாது.

புழுதியும் மழையும்

கோடையின் இடையே 'ஆந்தி' எனப்படும் புழுதிப் புயல் எழுவதுண்டு. வானம் செம்மையுற்று இருள்கிறது. இடிமேகத்திலிருந்து இறங்கும் குளிர்ந்த காற்றினால் சில நிமிஷங்களில் உஷ்ணநிலை பத்து டிகிரிக்கு மேலும் வீழ்ச்சியுறக்கூடும். புயல் தொடங்கிய நேரம், காற்று வந்த திசை, முன்னும் பின்னும் இருந்த உஷ்ணநிலை ஆகியவற்றைக் குறித்தல் பயனுடையது. புயலுக்குப்பின் ஈரக்குமிழின் துணியை மாற்றுவதும் அவசியம்; புழுதி படிந்த துணி நீரைச் சரிவர உறிஞ்சாது.

டில்லியில் தென்மேற்குப் பருவமழை தொடங்கும் இயல்பான நாள், 2020-ஆம் ஆண்டில் திருத்தப்பட்ட அட்டவணையின்படி, ஜூன் 27 ஆகும். அதற்கு முன்னரே மழைமானியை அமைத்துவிட வேண்டும். அருகிலுள்ள சுவர் அல்லது மரத்தின் உயரத்தைப்போல் இரு மடங்கு தொலைவிலேனும் அதை வைப்பது முறை. வாயின் பரப்பு 200 சதுர சென்டிமீட்டராயின், சேர்ந்த நீரில் ஒவ்வொரு 20 மில்லிலிட்டரும் ஒரு மில்லிமீட்டர் மழையைக் குறிக்கும். காலை எட்டரை மணிக்கு அளந்த நீர், அதற்கு முந்திய இருபத்துநான்கு மணி நேரத்து மழையாகும்.

குறிப்பேட்டின் நேர்மை

ஒரு நாள் வெளியூர் செல்ல நேர்ந்தால், அந்நாளின் கட்டத்தை வெறுமையாக விடுதலே சரி. முன்னாளையும் பின்னாளையும் கூட்டி வகுத்து நிரப்பிய எண், பார்வைக்கு நிறைவாகத் தோன்றும்; ஆயின் அது அளவீடன்று. கருவியின் இடத்தை மாற்றினாலும், புதுக் கருவி வாங்கினாலும், அருகில் மாடி எழும்பினாலும், அந்தத் தேதியைக் குறித்து வைத்தல் வேண்டும். ஆண்டுக்கு ஒரு முறை, நீர் புகாத உஷ்ணமானியாயின், நொறுக்கிய பனிக்கட்டியும் நீரும் கலந்த பாத்திரத்தில் அதை அமிழ்த்தி, பூஜ்யம் காட்டுகிறதா என்று சோதிக்கலாம். காட்டும் வேறுபாட்டையும் ஏட்டில் எழுதிவிட வேண்டும்.

வீட்டுக் குறிப்புக்களால் என்ன பயன் என்று வினவுவோர் இருக்கலாம். இங்கிலாந்தில் ஜார்ஜ் ஜேம்ஸ் ஸைமன்ஸ் என்பவர் 1860-ஆம் ஆண்டுக்குரிய மழை விவரங்களை 168 இடங்களிலிருந்து திரட்டத் தொடங்கினார். 1900-ஆம் ஆண்டில் அவர் மறைந்தபோது, மூவாயிரத்துக்கு மேற்பட்டோர் மழையளந்து எழுதிக்கொண்டிருந்தனர். அவர்களுட் பலர் தம் வீட்டுத் தோட்டத்தில் மழைமானி வைத்திருந்த சாதாரண மக்களே. அந்நாட்டின் பழைய மழை வரலாற்றை அறிய அக்குறிப்புக்கள் இன்றும் ஆராயப்படுகின்றன.

வீட்டு நிலையம் அரசாங்க நிலையத்திற்கு மாற்றாகாது. ஆயினும் நகரம் முழுவதற்கும் கூறப்படும் ஓர் எண், ஒரு குறிப்பிட்ட தெருவின் இரவு எவ்வாறு கழிந்தது என்பதைக் கூறாது. முற்றத்து ஏடு அதனைக் கூறும். முதற் கோடையில் அது வெறும் எண்களின் வரிசையாகவே தோன்றும். பத்தாவது கோடையில், "இவ்வாண்டைப் போன்ற வெயிலைக் கண்டதே இல்லை" என்று அண்டை வீட்டார் கூறுங்கால், அச்சொல் மெய்யா அன்றா என்பதை அந்த ஏட்டைப் புரட்டி உரைக்கலாம்.